பாடாத பாட்டுக்காரர்

தெருவில் வாத்தியம் வாசிக்கிற ஐயா ஒருவர் கொழும்பில் இருக்கிறார். செவ்வாய்க்கிழமை என்றால் அவரைக் கொச்சிக்கடையில்தான் பிடிக்க முடியும். அந்தோனியார் கோயிலுக்குச் செவ்வாய்தோறும் வருகிற கூட்டத்தில் கத்தோலிக்கர் மட்டும் இல்லை. நெற்றியில் திருநீறோடு வருகிறவர்களும் வெள்ளை உடுத்திய சிங்கள அம்மாமாரும் மெழுகுதிரியும் கையுமாக நிற்பார்கள். அங்கிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு பிளாஸ்டிக் முக்காலியில் அவர் உட்கார்ந்திருப்பார். வெள்ளிக்கிழமை செட்டியார் தெரு, கதிரேசன் கோயில் பக்கம். மற்ற நாட்களில் பின்னேரம் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே, ஒல்கொட் சிலையைத் தாண்டி பஸ்ஸுக்குப் போகிற நடைபாதையில். பௌத்தரின் வெசாக் பண்டிகை என்றால் எங்கே பந்தல் போடுகிறார்களோ அங்கே. ஞாயிற்றுக்கிழமை வெளியே வரமாட்டார்.

மடியில் இருப்பது புல்புல்தாரா. பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன்: இரண்டடி நீளத்தில் ஒரு மரப்பெட்டி, அதன்மேல் கம்பிகள், கம்பிகளுக்கு மேலே பழைய டைப்ரைட்டரில் இருப்பதுபோல வட்ட வட்டக் கட்டைகள். இடது கையால் ஒரு கட்டையை அழுத்தினால் அதன் அடியில் உள்ள உலோகத் துண்டு கம்பியைப் பிடித்துக்கொள்ளும். ஒலிக்கிற நீளம் குறைந்து சுரம் மாறும். வலது கையில் ஒரு சின்னத் தகடு, மீட்டுவதற்கு. மெட்டுக்கு ஒன்றிரண்டு கம்பிகள், மற்றவை சுருதிக்காகச் சும்மா ஒலித்துக்கொண்டிருக்கும். இதன் மூதாதை ஜப்பானியக் கருவி. 1912இல் நகோயா நகரத்தில் மொரிட்டா கோரோ என்பவர் செய்த தைஷோகோட்டோ. அது இந்தியாவுக்கு வந்து, பெயர் மாறி, பம்பாய்ச் சரக்கோடு சரக்காகப் புறக்கோட்டைக் கடைகளுக்கும் வந்துசேர்ந்தது.

கர்நாடக சங்கீதக்காரர்கள் இதை ஒரு வாத்தியமாகவே மதிப்பதில்லை. கட்டைகள் அசையாதவை; ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போக இடமில்லை; கமகம் வராது. வெள்ளவத்தையில் பிள்ளைகளை வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைக்குத் தயார்படுத்துகிற என் பெரியம்மா, "அது விளையாட்டுச் சாமான் எல்லோ" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். ஐயாவுக்கும் அது தெரியும். அழுத்திய விரலை எடுக்காமல், அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து ஒரு நடுக்கம் கொண்டுவருவார். கமகம் இல்லைதான். ஆனால் பழைய சினிமாப் பாட்டில் ஒரு வரி முடிகிற இடத்தில் அந்த நடுக்கம் வந்து நின்றால், நடந்துபோகிற மனிதர் அரை அடி தயங்குவார். அந்த அரை அடித் தயக்கத்தில்தான் ஐயாவின் சீவியம்.

பெயர் போடவேண்டாம் என்று சொல்லிவிட்டார். வயது எண்பதை நெருங்குகிறது. ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து, அறுபதுகளின் தொடக்கத்தில் பெடியனாகக் கொழும்புக்கு வந்து, புறக்கோட்டையில் ஒரு மேமன் (குஜராத் பக்கத்து முஸ்லிம்) முதலாளியின் புடைவைக் கடையில் வேலைக்கு நின்றவர். கடைக்கு மேலேயே படுக்கை. முதலாளி வீட்டில் கேட்பாரில்லாமல் கிடந்த புல்புல்தாராதான் இது. (பெட்டி இரண்டு முறை மாறியிருக்கிறது, கட்டைகள் மட்டும் பழையவை.) சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. வானொலிதான் குரு. கடையில் நாள் முழுக்க இலங்கை வானொலி பாடும்: முதலாளிக்கு ஹிந்தி, வேலையாட்களுக்குத் தமிழ், வருகிற வாடிக்கையாளருக்குச் சிங்களம். 1952இல் இந்திய அமைச்சர் கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டை ஓரங்கட்டப்போய், பம்பாய்ப் பாட்டெல்லாம் கொழும்பிலிருந்து ஒலிபரப்பாகத் தொடங்கியிருந்த காலம் அது. இந்தியாவே கொழும்பைக் கேட்டுக்கொண்டிருந்தது. நம் ஐயா கொழும்பிலேயே, துணி மடித்துக்கொண்டு கேட்டிருக்கிறார்.

1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. ஒன்பது லட்சத்து எழுபத்தையாயிரம் இந்திய வம்சாவளி மலையகத் தமிழரைக் கணக்குப் போட்டுப் பிரித்தார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. எழுபதுகளில் ஐயாவின் தாய், தகப்பன், தங்கைமார் தலைமன்னாரில் கப்பலேறி நீலகிரிக்குப் போய்விட்டார்கள். இவர் போகவில்லை. ஏன் என்று கேட்டால், "கடைல கணக்கு முடிக்காம எப்பிடிப் போறது?" என்கிறார். அதற்கு மேல் கேட்கக்கூடாத பதில் என்று எனக்குப் பட்டது, கேட்கவில்லை.

சரி, வாசிப்புக்கு வருகிறேன். நான் இதை எழுதுவதே அதற்காகத்தான்.

தெருவில் வாசிக்கிறவர் என்றால் மேடை கிடைக்காதவர் என்றுதான் நாம் நினைத்துக்கொள்கிறோம். ஐயாவைப் பக்கத்தில் இருந்து பார்க்கப் பார்க்க எனக்கு அந்த எண்ணம் போய்விட்டது. மேடை வேறு தொழில், தெரு வேறு தொழில். சரஸ்வதி மண்டபத்தில் கச்சேரி கேட்க வருகிறவர் இரண்டு மணித்தியாலம் தருவதாக ஒப்புக்கொண்டுதான் கதிரையில் உட்காருகிறார். கலைஞர் நிதானமாக ஆலாபனை செய்யலாம். கோட்டை ஸ்டேஷன் வாசலில் இருந்து பஸ்ஸுக்கு ஓடுகிறவர் ஐயாவைக் கடக்க அரை நிமிடம் எடுத்தால் அதிகம். அந்த அரை நிமிடத்தில் பாட்டை அடையாளம் காட்டி, மனதைத் தொட்டு, கையைச் சட்டைப்பைக்குள் போகவைக்கவேண்டும். ஆகவே முன்னிசை என்ற பேச்சே இல்லை. நேராகப் பல்லவி. அதிலும் சில பாட்டுகளில் முதல் வரியைவிட இரண்டாவது வரிதான் சனங்களுக்கு நினைவிருக்கும் என்பார்; அப்போது அங்கிருந்துதான் பிடிப்பார். சரணம் வாசிப்பது மழைக்கு ஒதுங்கி ஆட்கள் நின்றால் மட்டும்.

அவர் முகங்களைப் பார்ப்பதில்லை. கால்களைப் பார்க்கிறார். பாணந்துறை ரயில் வந்து ஒரே நேரத்தில் ஆயிரம் கால்கள் வெளியே பாயும்போது சோகப் பாட்டு வாசித்தால் ஒரு சதமும் விழாது, அப்போது பைலா. போர்த்துக்கீசர் விட்டுச்சென்றதும் ஆபிரிக்கர் கொண்டுவந்ததும் கலந்த கப்றிஞ்ஞா என்கிற ஆட்ட இசையில் இருந்து, பொலிஸ்காரராக இருந்த வொலி பஸ்தியன் போன்றவர்கள் சிங்களத்தில் வளர்த்தெடுத்த அந்த ஆறு எட்டுத் தாளம், அவசரமாக நடக்கிற காலுக்கு என்றே செய்தது மாதிரி இருக்கும். கால்கள் தங்களை அறியாமல் தாளத்துக்கு வந்துவிடும், பிறகு கையும் வரும். இரவில் யாழ்ப்பாண ரயிலுக்காகப் பெட்டி படுக்கையோடு முன்கூட்டியே வந்து நிற்கிறவர்கள் வேறு ரகம். அவர்களுக்கு அவசரம் இல்லை. அவர்களுக்கு எம்ஜிஆர், சிவாஜி காலத்துப் பாட்டு, கொஞ்சம் இழுத்து. 1990இல் நின்றுபோன ரயில் 2014 ஒக்டோபரில் மறுபடியும் யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கியபோது தன் வருமானமும் கூடியது என்று சொல்லிச் சிரித்தார். அந்தப் பாதை திறந்ததைப் பற்றி எத்தனையோ பேர் உருகி எழுதினார்கள். இந்தக் கணக்கை ஒருவரும் எழுதவில்லை.

கொச்சிக்கடையில் மறுபடியும் வேறு. அங்கே பக்திப் பாட்டு வாசிக்கவேண்டும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஐயா வாசிப்பதில்லை. "உள்ளுக்குள்ள அழுதிட்டு வர்றாங்க. வெளிய வந்தும் அழவைக்கக் கூடாது தம்பி." பழைய காதல் பாட்டுகளாக வாசிக்கிறார். நன்றாகவே போகிறது. 2019 ஏப்ரல் 21 ஞாயிற்றுக்கிழமை அந்தக் கோயிலில் குண்டு வெடித்தபோது அவர் அங்கே இல்லை. பிறகு கோயில் திறந்த முதற் சில வாரங்கள் போய் வாசிக்காமல் இருந்திருக்கிறார். முக்காலியைக் கொண்டுபோய்ப் போட்டுச் சும்மா உட்கார்ந்துவிட்டு வருவாராம்.

அவர் பாடுவதே இல்லை என்பதுதான் நான் முதலில் கவனித்த விசயம். குரல் இருக்கிறது. பேசும்போதே சுருதி சுத்தமாகக் கேட்கும். இளமையில் கலியாண வீடுகளில் ஆர்மோனியக்காரர் ஒருவரோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்தவர். 1983 ஜூலைக்குப் பிறகு பாடவில்லை. புறக்கோட்டையில் தமிழ்க் கடைகள் எரிந்த அந்த நாட்களில் முதலாளி இவரைத் தன் வீட்டில் ஒளித்துவைத்தார். சில வருடங்களில் முதலாளி தொழிலை மூடிவிட்டுப் போக, இவருக்குத் தெருதான் மிஞ்சியது.

"பாட்டுப் படிச்சா தமிழன்னு தெரிஞ்சிரும். வாசிச்சா பாட்டுக்காரன்னு மட்டுந்தான் தெரியும்."

பயத்தில் எடுத்த முடிவுதான். ஆனால் அதில் ஒரு கொழும்பு வரலாறே இருக்கிறது. 1947 ஜனவரியில் வெளியான முதல் சிங்களப் பேசும்படத்தைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்கிற தமிழர். படம் எடுக்கப்பட்டது தென்னிந்தியாவில். அதில் நடித்துப் பாடி, சிங்களவர் இன்றைக்கும் தலையில் வைத்துக் கொண்டாடுகிற ருக்மணி தேவி, நுவரெலியா மாவட்டத்து றம்பொடையில் டெய்சி ராசம்மா டானியேல்ஸ் என்று பிறந்த தமிழ்க் கிறிஸ்தவப் பெண். வெசாக் வந்தால் எல்லாப் பந்தலிலும் ஒலிக்கிற சிங்கள பௌத்த பக்திப் பாட்டுகளைப் பாடிய மொஹிதீன் பேக் சேலத்தில் பிறந்த முஸ்லிம். ஐம்பது, அறுபதுகளின் சிங்களப் படங்களுக்கு இசையமைத்த ஆர். முத்துசாமி, எம். றொக்சாமி எல்லாரும் நம்மாட்கள். அந்தக் காலத்தில் பம்பாய் மெட்டு ஒன்று சென்னைக்குப் போய்த் தமிழாகும், கொழும்புக்கு வந்து சிங்களமாகும். ஆக, சொல்லை எடுத்துவிட்டு மெட்டை மட்டும் வாசித்தால் கேட்கிற ஒவ்வொருவரும் தங்கள் தங்கள் மொழியில் அதை நிரப்பிக்கொள்வார்கள். ஐயாவின் கையிருப்பில் பாதிக்கு மேல் இந்த ரகம்தான். தேடித் தேடிச் சேர்த்தவை. மூன்று மொழியில் சொல் உள்ள மெட்டு அவருக்கு மூன்று வாடிக்கையாளர்.

ஒருநாள் ஒரு சிங்கள அம்மாவும் யாழ்ப்பாணத்து மாமா ஒருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே மெட்டை வேறு வேறு சொல்லில் முணுமுணுத்ததை நான் பார்த்தேன். இதைப் படம் எடுத்துப் போட்டு "இதுதான் நல்லிணக்கம்" என்று எழுதியிருந்தால் பத்தாயிரம் லைக் விழுந்திருக்கும். நான் அப்படி நினைக்கவில்லை. அந்த அம்மா அது சிங்களப் பாட்டு என்றே நினைத்தார். மாமா அது தமிழ்ப் பாட்டை யாரோ களவெடுத்தது என்றார், கொஞ்சம் சத்தமாகவே. ஐயா இரண்டு பேரிடமும் காசு வாங்கிக்கொண்டார். மெட்டு உண்மையில் ஹிந்தி.

யுத்த காலத்தில் இந்தப் பெட்டியோடு கொழும்பில் திரிந்ததை நினைத்துப் பார்க்கவேண்டும். 1987 ஏப்ரலில் புறக்கோட்டை பஸ் நிலையத்தில் குண்டு, 1996 ஜனவரியில் மத்திய வங்கியில் குண்டு, 2008 பெப்ரவரியில் கோட்டை ரயில் நிலையத்துக்குள்ளேயே குண்டு. ஒவ்வொன்றுக்குப் பிறகும் சோதனைச் சாவடிகள் பெருகும். தேசிய அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர், கையில் கம்பிகள் ஓடுகிற ஒரு நீளப் பெட்டி. "மே மொக்கத்த?" (இது என்ன?) என்பார்கள். திறந்து காட்டினாலும் நம்பாமல் "கஹன்ன" (வாசி) என்பார்கள். வாசித்துக் காட்டவேண்டும். நடுரோட்டில், துவக்குக்கு முன்னால், ஒரு மொஹிதீன் பேக் பாட்டு. ஒரு சிப்பாய் கூடவே முணுமுணுத்தானாம். இந்தக் கதையை நான் சொல்லக் கேட்ட நண்பர்கள் எல்லாரும் "என்ன அழகு" என்றார்கள். ஐயா சொல்லும்போது அதில் அழகு ஒன்றும் இருக்கவில்லை. கட்டை மாறி அழுத்திவிடுவேனோ என்று விரல் நடுங்கியதைத்தான் சொன்னார்.

இப்போது சாவடி இல்லை, ஆனால் அவ்வப்போது எழும்பச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பொது இடத்தில் பிச்சை எடுப்பதைக் குற்றமாக்குகிற அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம் 1841இல் வெள்ளைக்காரன் போட்டது. புல்புல்தாராவின் ஜப்பானியப் பாட்டனே பிறப்பதற்கு எழுபது வருடம் முந்தியது. அது இன்னும் புத்தகத்தில் இருக்கிறது. ஐயா கை நீட்டுவதில்லை, யாரையும் கூப்பிடுவதில்லை, தகர டின் கூடக் காலுக்குப் பின்னால்தான் இருக்கும். வாசிப்பதற்குத் தருகிற காசும் பிச்சையும் ஒன்று என்று நினைக்கிறவருக்கு என்ன சொல்வது? திருமண மண்டபத்தில் நாதஸ்வரக்காரருக்குத் தாம்பாளத்தில் வைத்துக் கொடுப்பதற்குப் பெயர் சன்மானம். தாம்பாளத்துக்குப் பதில் டின் வந்ததும் பெயர் மாறிவிடுகிறது.

டின் என்றதும் ஞாபகம் வருகிறது. 2022இல் பெற்றோலுக்கும் காஸுக்கும் நாடே வரிசையில் நின்றதே, அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம். அதன் பிறகு சில்லறைக்கு மதிப்பே இல்லாமல் போனது. முன்பு ஐந்து ரூபாய், பத்து ரூபாய்க் குற்றிகள் விழுகிற சத்தத்தை வைத்தே எந்தப் பாட்டு எடுபடுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாராம். இப்போது விழுவது இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்கள். சத்தமே இல்லை. பாட்டு பிடித்ததா இல்லையா என்று தெரிந்துகொள்ள ஒவ்வொரு முறையும் குனிந்து பார்க்கவேண்டியிருக்கிறது, முதுகு வலிக்கிறது என்கிறார். பணவீக்கத்தைப் பற்றிப் பொருளாதார நிபுணர்கள் சொன்னதில் எதுவும் எனக்கு இவ்வளவு விளங்கவில்லை.

அதே வருடம் காலிமுகத்திடலில் போராட்டக் கூட்டம் நிரம்பியிருந்தபோது ஒருநாள் அங்கேயும் போய்ப் பார்த்திருக்கிறார். இளைஞர்கள் கிற்றார், மேளம், பெரிய ஸ்பீக்கர் எல்லாம் வைத்துப் பாடிக்கொண்டிருந்த இடத்தில் புல்புல்தாரா தனக்கே கேட்கவில்லையாம். ஒரு பெண்பிள்ளை சோற்றுப் பார்சல் ஒன்று கொடுத்தது, சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டார். அங்கே இருந்துதான் ஸ்பீக்கர் யோசனை வந்தது. முதலாம் குறுக்குத் தெருவில் போன் திருத்துகிற ஒரு முஸ்லிம் பெடியன், பழைய மணிக்கூட்டில் "பீப்" என்று கத்துகிற அந்த மெல்லிய பித்தளைத் தட்டைக் கழற்றி, புல்புல்தாராவில் கம்பிகளைத் தாங்குகிற குதிரைக்கு அடியில் ஒட்டி, வயரைச் சின்ன ஸ்பீக்கர் ஒன்றுக்கு இழுத்துக் கொடுத்திருக்கிறான். அந்தத் தட்டு மின்சாரம் கொடுத்தால் அதிரும். அதிர்ந்தால் மின்சாரம் கொடுக்கும். கம்பியின் அதிர்வு அப்படியே ஸ்பீக்கருக்குப் போகிறது. ஓசை கொஞ்சம் தகரமாகத்தான் வருகிறது. ஆனால் ஓட்டோக்களின் ஹோர்னைத் தாண்டிக் கேட்கிறது. கூலி வாங்கவில்லையாம், அதற்குப் பதிலாக அவன் கடை வாசலில் கொஞ்ச நேரம் வாசிக்கவேண்டும் என்றானாம். வாசித்தார். சாமான் ஏற்றி இறக்குகிற நாட்டாமிமார் வண்டிலை நிறுத்திவிட்டுக் கேட்டதில் தெருவே அடைத்துக்கொண்டு, கடைசியில் பக்கத்துக் கடைக்காரர் கத்தத் தொடங்கிவிட்டார்.

போனைத் தூக்கிக்கொண்டு படம் எடுக்கிறவர்களோடு அவருக்கு ஒரே ஒரு ஒப்பந்தம்தான். எடுக்கலாம், ஆனால் காசு போட்டுவிட்டு எடுக்கவேண்டும். "பாவம்" என்று தலைப்புப் போட்டு ஒருவர் போட்ட வீடியோவை யாரோ காட்டியிருக்கிறார்கள். அவருக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை, அதைவிட அதில் தன் வாசிப்பை எடுத்துவிட்டுப் பின்னால் ஒரு சோக வயலின் இசையைச் சேர்த்திருந்தது அறவே பிடிக்கவில்லை. "நான் வாசிச்சது பைலா தம்பி!" என்று அதைச் சொல்லும்போது அவருக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

உதவி செய்யவேண்டும் என்று சிலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். காசு போடுங்கள், நின்று கேட்டுவிட்டுப் போடுங்கள். வேறு ஏதாவது வேண்டுமென்றால் கம்பிதான். கொழும்புக் கடற்காற்றிலும் ஒக்டோபர், நவம்பர் மழையிலும் கம்பி சீக்கிரமே துருப்பிடித்துவிடும். புல்புல்தாராக் கம்பி என்று தனியாக இங்கே தேடி அலையத் தேவையில்லை, கிற்றாரின் முதல் கம்பியே சரியாகப் பொருந்தும். உருக்குக் கம்பியாகப் பார்த்து வாங்குங்கள். போன வருடம் ஒரு பெடியன் ஆசையாக நைலோன் கம்பி வாங்கிவந்து கொடுத்தானாம். அதில் இப்போது ஐயா துவாய் காயப்போடுகிறார்.